இரவைத் திறந்து வைத்தவர்கள்

கடலும் கடைத்தெருவும் – தொடர் 17

கீழவாஞ்சூரிலிருந்து தெற்கே நடந்தால் ஒரு சோதனைச் சாவடி. சாவடிக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசின் காரைக்கால், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் நாகூர். 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றபோது விழுந்த கோடு இது. 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டில் அது சட்டப்படியும் உறுதியானது. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் நாகூர் தர்காவில் கந்தூரித் திருவிழா தொடங்கிவிட்டால் அப்படியொரு கோடு இருப்பதே இரு பக்கத்து ஜனங்களுக்கும் மறந்துபோகும். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். அங்கே விடியும்வரை கடைகள் திறந்திருக்கும்.

சென்ற பகுதியில் பகல் சந்தைகளைப் பார்த்தோம். இந்தப் பகுதி இரவுக்கு உரியது.

இரவுச் சந்தை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது தைபேயின் ஷிலின், பாங்காக்கின் சாலையோரங்கள், சைகோனின் பென் தான் சந்தை. வெளிநாடு போய்வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு வந்து, "நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தரும். இரவுச் சந்தையை இவ்வளவு நுணுக்கமாக, இவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதி வைத்த மொழி நம்முடையது. அந்த எழுத்து பேசும் கடற்கரைகளில் ஒன்று, கீழவாஞ்சூரிலிருந்து வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் வந்துவிடும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு வருகிறார்கள். அங்கே இளங்கோ செய்வது என்னை எப்போதும் வியக்க வைப்பது. கடற்கரையை அவர் விளக்குகளால் கணக்கெடுக்கிறார். சாந்தும் பூவும் பொடியும் தின்பண்டமும் விற்பவர் விளக்கு, கம்மியர் வேலை செய்யும் விளக்கு, மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் விற்போர் குடம்போன்ற தண்டின்மேல் வைத்த அகல், விலை கூவும் பெண்களின் கடை விளக்கு, இடையிடையே மீன் விற்பவர் விளக்கு, கலங்களைக் கரைக்கு அழைக்கும் கலங்கரை விளக்கு, பரதவர் திமிலில் எரியும் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டார் அணையாமல் வைத்திருக்கும் விளக்கு, கரையில் குவிந்த சரக்கைக் காப்பவர் விளக்கு. பத்து வகை. இத்தனையும் சேர்ந்து எறிந்த ஒளியில், நுண்மணலில் வெண்சிறுகடுகு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்கிறார்.

இந்தப் பட்டியலில் அரண்மனை விளக்கு இல்லை, கோயில் விளக்கு இல்லை. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு தொழில் இருக்கிறது. விற்பவரும் செய்பவரும் காப்பவரும் கடலில் இருப்பவரும் அயலாரும் என்று ஒரு துறைமுக நகரத்தின் இரவு வேலைகள் அனைத்தும் அதில் அடங்கிவிடுகின்றன. பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, படகுகளைக் கட்டுவதற்கான மரக்கம்பங்களோடு செங்கல் துறைமேடை ஒன்று வெளிப்பட்டது. கலம் வந்து நிற்க மேடை இருந்த ஊரில், அந்தக் கலத்துக்காக இரவில் காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

பட்டினப்பாலை இதையே கடலிலிருந்து பார்க்கிறது. மீன் பிடிக்கப் போன பரதவர்கள், கரையில் உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளைத் திமிலில் இருந்தபடி எண்ணுகிறார்கள். கரையில் இருப்பவன் கடல் விளக்கைப் பார்ப்பதும் கடலில் இருப்பவன் கரை விளக்கை எண்ணுவதும் நம் மீனவ ஊர்களான பட்டினச்சேரியிலும் காரைக்கால்மேட்டிலும் இன்றும் நடப்பதுதான். எந்தப் படகு திரும்பிவிட்டது, எது இன்னும் வரவில்லை என்பதைப் பெண்கள் வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

சரி, அந்த வெளிச்சத்துக்கு என்ன விலை? இரவுச் சந்தையின் வரலாற்றில் பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. சோழர் காலக் கல்வெட்டுகள் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கின்றன. கோயிலில் இரவும் பகலும் அணையாமல் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர், பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சாகாமலும் மூப்படையாமலும் இருக்க வேண்டியவை என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஒரே ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு!

சந்தைக்காரர் நெய் விளக்கு வைத்திருக்க மாட்டார். இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும், கடலோரத்தில் புன்னை எண்ணெயும் மலிவாகக் கிடைத்தன. ஆனாலும் எண்ணெய் எண்ணெய்தான். ஒரு குடும்பம் மாலையில் விளக்கேற்றிச் சோறு உண்டதும் அணைத்துவிட்ட காலத்தில், மோதகம் விற்கும் ஒருவர் நள்ளிரவுவரை அகல் எரித்தார் என்றால் அந்த எண்ணெய்ச் செலவை மீட்கும் அளவுக்கு அவருக்கு வியாபாரம் நடந்திருக்க வேண்டும். ஆகவே இரவுச் சந்தை எல்லா ஊரிலும் முளைக்கவில்லை. கப்பல் வரும் ஊரிலும், திருவிழாக் கூடும் ஊரிலும், அரசன் இருக்கும் ஊரிலும் மட்டுமே அது நின்றது.

அரசன் இருந்த ஊர் மதுரை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது, பத்துப்பாட்டில் நீளமானது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு வாழ்வின் நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், போகிற வழியில் மதுரையின் ஒரு முழு நாளைக் காட்டிவிடுகிறார். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி. அல்லங்காடியின் இரைச்சலை அவர் அந்தியில் கூடு திரும்பும் பலவகைப் பறவைகளின் சத்தத்துக்கு ஒப்பிடுகிறார். பிறகு இரவை யாமம் யாமமாகப் பிரித்துச் சொல்கிறார். முதல் யாமம் கழிகிறது. சங்கொலி அடங்குகிறது. கடைக்காரர்கள் பந்தலைத் தாங்கிய கம்பைச் சாய்த்துக் கடை அடைக்கிறார்கள். தேனடை போன்ற மெல்லிய அடைகளையும் பூரணம் வைத்த மோதகங்களையும் விற்ற கூவியர், சரக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கி வழிகிறார்கள்.

இந்தத் தூக்கத்துக்காகவே நான் மதுரைக்காஞ்சியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அரசனுக்குப் பாடிய பாட்டில், விற்றுக் களைத்த ஒரு பலகாரக்காரருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கும் எந்தத் திருவிழாக் கடைவீதியிலும் இரவு இரண்டு மணிக்குப் போனால் அவரைப் பார்க்கலாம்.

கூவியர் அப்படி நிம்மதியாகத் தூங்க முடிந்தது ஏன் என்பதையும் மருதனார் சொல்லாமல் விடவில்லை. அடுத்த யாமத்தில் திருடர்கள் வருகிறார்கள். கறுப்பு உடை, இடுப்பில் சுற்றிய நூலேணி, கையில் உளி. அவர்களைத் தேடி ஊர்க்காவலர் வருகிறார்கள். களவு நூலைத் திருடரைவிட நன்றாகக் கற்றவர்கள், மழை கொட்டும் நடுநிசியிலும் தெருவை விட்டு அகலாதவர்கள். அல்லங்காடிக்கு எண்ணெயோடு காவலும் தேவைப்பட்டது. காவல் என்றால் அரசு. எந்த ஊரிலும் இரவுச் சந்தை நடக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் இரவைத் திறந்து வைக்க வேண்டும்.

சீனத்தில் அது நேரடியாகவே நடந்தது. தாங் மரபினர் காலத்தில் தலைநகரின் சந்தைகளுக்குச் சுற்றுச்சுவர் உண்டு. பொழுது சாய்ந்ததும் முரசு அடித்து வாயில்களை மூடிவிடுவார்கள், பிறகு தெருவில் நடமாடுவதே குற்றம். 965இல் சோங் மரபின் முதல் பேரரசர், தலைநகர் கைஃபெங்கில் மூன்றாம் யாமம்வரை சந்தை நடக்கலாம் என்று உத்தரவிட்டார். அதன்பின் அந்த நகரம் தூங்கவே இல்லை. 1127இல் வடக்கத்திப் படையிடம் கைஃபெங் விழுந்தபோது தெற்கே தப்பியோடிய மெங் யுவான்லாவ் என்பவர், இருபது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்தே அந்த இரவுச் சந்தையைப் புத்தகமாக எழுதினார். எந்தத் தெருமுனையில் என்ன பலகாரம் கிடைக்கும் என்பதுவரை அதில் இருக்கிறது. தைபே வரைக்கும் நீளும் சீன இரவுச் சந்தை மரபைப் பேசுவோர் கைஃபெங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் அல்லங்காடியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவோர் குறைவு.

நம் கரைக்குத் திரும்புவோம். புகார் அழிந்தபின், சோழ மண்டலக் கரையில் இரவுச் சந்தை ஒரே இடத்தில் நிலைத்து நிற்கவில்லை. அது நகரத் தொடங்கியது. நம் கரையின் தனித்தன்மை இதுதான் என்று நினைக்கிறேன். தைபேயில் சந்தை நிற்கிறது, ஜனங்கள் அதைத் தேடி வருகிறார்கள். இங்கே சந்தைதான் ஜனங்களைத் தேடிப் போகிறது, சாமியின் பின்னாலேயே போகிறது.

மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். கீழவாஞ்சூருக்கு அது பக்கத்து ஊர். பட்டினச்சேரி மீனவர்களுக்குப் பெருமாள் வீட்டு மாப்பிள்ளை, மருமகனுக்குரிய மரியாதையோடு வரவேற்பார்கள். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா. கடல் கடந்து வாணிபம் செய்த பரமதத்தனின் மனைவிக்கு எடுக்கும் விழா அது, பாரதியார் சாலை ஜனத்தால் நிறைந்துவிடும். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் செப்டம்பர் 8வரை இரவும் பகலும் ஒன்றுதான். ஐப்பசியில் சிக்கல் சிங்காரவேலர் சூரசம்ஹாரம். சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறு. இவற்றுக்கு நடுவே, பிறைக்கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்து வரும் நாகூர் கந்தூரி.

வளையல் கடை, பலூன், பொரி, கடலை, பிளாஸ்டிக் சாமான், ராட்டினம் என்று எந்த விழாவுக்குப் போனாலும் அதே முகங்கள் எதிர்ப்படும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ நாட்காட்டிகள் மூன்றையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இந்தத் தரைக்கடைக்காரர்கள்தான். பிறை தெரிந்ததா என்று நாகூரில் விசாரிப்பார்கள், கொடியேற்றம் என்றைக்கு என்று வேளாங்கண்ணியில் விசாரிப்பார்கள். மூன்று சமயமும் சேர்ந்து ஓர் ஆண்டை நிரப்பினால்தான் அவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் அடுப்பெரியும்.

கந்தூரியின் பத்தாம் இரவு இவற்றிலெல்லாம் பெரியது. நாகப்பட்டினத்திலிருந்து இரவில் சந்தனக்கூடு புறப்படும். அது நாகூர் வந்து சேர விடிந்துவிடும், பிறகு தர்காவில் நாகூர் ஆண்டவர் சமாதியில் சந்தனம் பூசுவார்கள். கூடு வந்து சேரும்வரை யாரும் தூங்குவதில்லை. வந்த கூட்டம் விழித்திருக்கும்போது கடைகளும் விழித்திருக்கத்தானே வேண்டும்? அலங்கார வாசலைச் சுற்றி வெள்ளித் தகடு விற்பவர்கள். கண் நோய்க்குக் கண், கால் வலிக்குக் கால், கட்ட நினைக்கும் வீட்டுக்கு வீடு, கடலுக்குப் போனவருக்குப் படகு என்று நேர்ச்சைக்கான உருவம் பொறித்த தகடுகள். தர்காவுக்கு வருபவர்களில் இந்துக்கள் ஏராளம். ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவரே தஞ்சை மன்னர் பிரதாபசிங்தான், 131 அடி. தெருவில் இறால் வைத்த வாடா எண்ணெயில் குதிக்கும். தம்ரூட் தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும். பரோட்டாக் கல்லில் கரண்டிச் சத்தம் விடியும்வரை ஓயாது.

விளக்கு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. துணித்திரி போட்ட காடா விளக்கு புகையைக் கக்கி எரிந்தது ஒரு காலம். பெட்ரோமாக்ஸ் வந்தபோது, அதை வாடகைக்கு விடுவதும் திரிப்பை மாற்றிப் பம்பு அடிப்பதுமே ஒரு தொழிலானது. பிறகு டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் வந்தன. இப்போது தரைக்கடைக்காரர் பகலில் சார்ஜ் போட்ட எல்இடி விளக்கைக் கம்பியில் மாட்டிக்கொள்கிறார். தொண்ணூற்றாறு ஆட்டின் செலவில் தொடங்கிய ஒளி, இன்று ஒரு பேட்டரிக்குள் அடங்கிவிட்டது. செலவு விளக்கிலிருந்து வேறிடத்துக்குப் போய்விட்டது. எங்கே என்று சொல்வதற்குமுன் சைகோனுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

1859இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், அங்கே ஆட்சி நடத்தத் தங்கள் இந்திய ஊர்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எழுத்தர்களும் போலீஸ்காரர்களும் சுங்க ஊழியர்களும் கப்பலேறினார்கள். 1881இல் வந்த ஆணையின்படி, தங்கள் சாதி–சமய வழக்குச் சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு குடியுரிமையோடு போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். காரைக்கால் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். 1914இல் திறக்கப்பட்ட பென் தான் சந்தைக்குச் சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியரும் சீனரும் வந்து கும்பிடுகிறார்கள். டோங் டூ தெருவில் இந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. மாலையில் பென் தான் கட்டடத்தின் கதவுகள் மூடியதும், சுற்றியுள்ள தெருக்களில் சக்கரக் கடைகள் உருண்டு வந்து இரவுச் சந்தை விரிகிறது. அங்கே படமெடுக்கும் நம் சுற்றுலாப் பயணிகளில், இந்தத் தெருக்களில் காரைக்கால் தமிழ் கேட்ட காலம் ஒன்று இருந்தது என்று அறிந்தவர் சிலரே.

ஆனால் அந்தக் காலத்தைப் பெருமையாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு ஆட்சி சந்தை வரியைக் குத்தகைக்கு விட்டது. ஏலத்தில் அதிகத் தொகை கேட்பவருக்கு வசூல் உரிமை. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டிய தொகைக்கு மேல் வசூலித்ததெல்லாம் அவருக்கு லாபம். அப்படிக் குத்தகை எடுத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். கூடையில் கீரையும் மீனும் கொண்டுவந்த வியட்நாமியப் பெண்களின் கண்ணுக்கு, தமிழர் என்றால் சந்தை வாசலில் காசு கேட்டு நிற்பவர். அந்த மனக்கசப்பு அங்கே நெடுங்காலம் இருந்தது. கடல் தாண்டிப் போன நம்மவர்கள் கடை விரித்தார்கள் என்று எழுதினால் பாதி உண்மை. பிறர் விரித்த கடைக்குத் தீர்வையும் வாங்கினார்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

அந்தக் குத்தகை முறை சைகோனோடு போகவில்லை. நம் திருவிழா மைதானங்களிலும் தரைக்கடை வசூலை உள்ளாட்சி நிர்வாகங்கள் ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவர் ஆட்களை வைத்து அடிக்கணக்கில் வசூலிப்பார். ரசீதில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற புலம்பலை எந்த விழாவிலும் கேட்கலாம். விளக்குக்குப் போன செலவு இப்போது இங்கேதான் போகிறது. மூன்றுக்கு நாலடி மண்ணுக்கு!

2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்று தராமல் யாரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றெல்லாம் நல்ல விதிகள் அதில் உண்டு. ஆனால் கணக்கு ஓர் ஊரின் எல்லைக்குள் எடுக்கப்படுவது. மாசியில் திருமலைராயன்பட்டினம், ஆவணியில் வேளாங்கண்ணி, கந்தூரிக்கு நாகூர் என்று இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டித் திரிபவர் எந்த ஊர்க் கணக்கில் வருவார்? வாஞ்சூர்ச் சாவடியின் இரு பக்கத்திலும் விற்பவர், இரு பக்கத்திலும் வெளியூர்க்காரராகவே ஆகிவிடுகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுதும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை பிறப்பித்தது. 2022இல் அதை நீட்டித்தது. நல்ல ஆணை. வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களுக்குக் கடை வேண்டும். ஆனால் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் தம்பதிக்குப் பத்து ஊழியர் ஏது? பெரிய கடையின் கண்ணாடிக் கதவுக்கு இரவு திறந்திருக்கிறது, அதே தெருவில் தள்ளுவண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதுகிறார்கள். மதுரைக்காஞ்சியின் ஊர்க்காவலர் கூவியரை எழுப்பி விரட்டியதாக மருதனார் எங்கும் சொல்லவில்லை.

கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்குகிறது. நிலக்கரி இறங்கும் இரவுகளில் கடற்கரை முழுவதும் வெளிச்சம், லாரிகள் விடியும்வரை ஓடுகின்றன. ஓட்டுநர்களுக்கும் சுமை இறக்குபவர்களுக்கும் நடுநிசியில் டீயும் சோறும் தேவைப்படுகின்றன. கப்பல் வரும் ஊரில் இரவுக் கடை தானாகவே வரும் என்பதைப் புகார் காட்டியிருக்கிறது. இங்குள்ள உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்து முன்வந்து, அந்தக் கடைகளுக்கென்று சாலையோரத்தில் ஓர் இடம் ஒதுக்கி, குடிநீரும் கழிப்பறையும் விளக்கும் தந்து, நியாயமான வாடகையைக் குத்தகைக்காரர் இல்லாமல் நேரடியாகவே வாங்கலாம். முதல் கணக்கெடுப்பில் கந்தூரிக்கும் மாசிமகத்துக்கும் வந்துபோகும் தரைக்கடைக்காரர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். 2014 சட்டம் புதுச்சேரிக்கும் பொருந்துவதுதான்.

சைகோனுக்குக் கப்பலேறிய காரைக்கால் குடும்பங்களைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)